மல்லிக்கு, மேமோகிராம் பற்றி

கடலூர் முதுநகர்

அன்புள்ள மல்லி,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் கொளுத்துகிறது. மஞ்சக்குப்பம் பக்கம் போனால் தள்ளுவண்டியில் பண்ருட்டிப் பலா மணக்கிறது. மற்றக் கதையெல்லாம் நேரில் பேசலாம். கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் ஒன்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

உங்கள் குடியிருப்பில் முகாம் போட்டு, தொடாமல் அழுத்தாமல் வெப்பத்தைப் படம் பிடித்து, "மார்பு நார்மல்" என்று சீட்டுக் கொடுத்தார்கள், இது போதுமா என்று கேட்டாய். போதாது, மல்லி. தோலின் சூட்டைக் காட்டும் அந்தப் படம், மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமுக்கு ஈடாகாது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பலமுறை எச்சரித்துச் சொல்லியிருக்கிறது. அந்தச் சீட்டை நம்பி நீ சும்மா இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

"எனக்கு வலி எதுவும் இல்லையே" என்றும் எழுதியிருக்கிறாய். கிராம சுகாதார செவிலியராக இருந்த காலம் முழுக்க நான் கேட்ட வார்த்தை அது. ஒரு அம்மா, முந்திரிக்கொட்டை உடைத்துக் கறை பிடித்த விரலால் ரவிக்கைமேல் தொட்டுக் காட்டி, "கல்லு மாதிரி இருக்கு சிஸ்டர், ஆனா வலிச்சாத்தானே வருவேன்" என்றார். கட்டிக்கு மேல் தோல் உள்ளே இழுத்துக் குழி விழுந்திருந்தது. மார்பகப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் முற்றிய பிறகு வருகிறார்கள். அதனால்தான் ஒன்றும் தெரியாதபோதே பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

உனக்கு 52 வயது. மேலைநாடுகளைவிட நம் நாட்டில் சுமார் பத்து வருஷம் முன்னாலேயே, நாற்பது ஐம்பதுகளிலேயே, இந்த நோய் அதிகம் வருகிறது. உன் வயதுக்கு என் தேர்வு மேமோகிராம்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். அமெரிக்காவில் 2024 முதல் 40 வயதிலிருந்து 74 வரை அப்படித்தான் சொல்கிறார்கள். கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறாய். ஒருமுறை எடுப்பதால் படுவது, சுமார் ஏழு வாரத்தில் இயற்கையாகவே நம் உடம்பில் படுகிற அளவுதான்.

எப்படி இருக்கும் என்று கேட்டாயே. போன மாசம் என் நாத்தனாரைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அக்குளில் பவுடர், சென்ட் எதுவும் இருக்கக் கூடாது, படத்தில் புள்ளிபுள்ளியாக விழுந்து, சில சமயம் புற்றுக்கு அடையாளமாக இருக்கும் சுண்ணாம்புத் துகள் மாதிரி ஏமாற்றும். அவர் பூசிக்கொண்டு வந்திருந்ததால் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள். நின்றபடியே ஒரு மார்பை அடித்தட்டில் வைத்து, மேலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டை இறக்கி அழுத்துகிறார்கள். "மூச்சை அடக்குங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் படம் எடுத்தாகிவிடுகிறது. மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, இரண்டு பக்கமும் சேர்த்து நாலு படம். வலிக்கத்தான் செய்யும், சில நொடிதான். எடுப்பது பெண்தான், உள்ளே வேறு யாரும் இல்லை.

அவருக்கு ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 0 என்று வந்தது. பைராட்ஸ் என்பது படத்தில் தெரிவதை வைத்து டாக்டர் போடும் எண். வீடே கலங்கிப்போனது. 0 என்றால் இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னொரு சோதனை வேண்டும் என்று பொருள். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் ஆறு மாசத்தில் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். 4, 5 என்றால் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் புற்றா என்று சோதிக்கும் பயாப்சி செய்ய வேண்டும். நாத்தனாருக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், சாதாரண நீர்க்கட்டி. இப்படித் திரும்பக் கூப்பிடுவது நிறைய பேருக்கு நடக்கும், அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உனக்கு நடந்தால் பதறாதே என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன்.

மேமோகிராமும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. கொழுப்பு கறுப்பாகத் தெரியும், அடர்ந்த திசு வெள்ளையாகத் தெரியும், புற்றும் வெள்ளைதான். வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துவிடும். இளம் வயதில் திசு அடர்த்தியாக இருப்பது சகஜம். அப்படி இருந்தால் அல்ட்ராசவுண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள்.

உன் மகளுக்கும் எடுக்கலாமா என்கிறாய். 26 வயதில், ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு மேமோகிராம் தேவையில்லை. உன் பாட்டியின் தங்கைக்கு எழுபது வயதுக்கு மேல் வந்தது என்பதால் மட்டும் அவளுக்கு ஆபத்து கூடிவிடாது. அம்மா, அக்கா தங்கை என்று நெருங்கிய உறவில், அதுவும் சின்ன வயதிலேயே வந்திருந்தால் கதை வேறு. இந்தப் புற்று வரும் ஆபத்தை மிகவும் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு 25 வயதிலிருந்தே வருஷத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த நிலைமை இல்லை.

கையால் பார்ப்பதை மட்டமாக நினைக்காதே. அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் எல்லாப் பெண்களுக்கும் பயிற்சி பெற்ற செவிலியர் மார்பைப் பரிசோதிக்க வேண்டும் என்றிருக்கிறது. காசு கிடையாது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி 20 வருஷம், ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஆராய்ந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்த பெண்களில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மேமோகிராம் எந்திரமே இல்லாத ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம்! இதைப் படித்த அன்று, வெயிலில் நான் ஊர் ஊராய் நடந்ததெல்லாம் வீண்போகவில்லை என்று நெஞ்சு நிறைந்தது.

நம் கையாலேயே மாசாமாசம் பார்த்துக்கொண்டால் போதாதா என்றால், ஷாங்காயில் 2,66,000 ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். இறப்பு குறையவில்லை, சாதாரணக் கட்டிகளுக்குப் பயாப்சிதான் கூடியது. அதற்காக உன் உடம்பை நீ கவனிக்காமல் விடாதே. குளிக்கும்போது எது வழக்கம், எது புதுசு என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதை மட்டும் மறக்காதே. புதுக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே அறுவைசிகிச்சை டாக்டரிடம் போ. போன மாசம்தான் மேமோகிராம் நார்மல் என்று வந்திருந்தாலும் போ. உன் மகளுக்கும் இதைச் சொல், கட்டி தட்டுப்பட்டால் வயது கணக்கே இல்லை.

சரி, ஆவணியில் கல்யாணத்துக்குப் புதுச்சேரி வருகிறாய் அல்லவா? முகூர்த்தம் முடிந்து ஒருநாள் தங்கிவிடு. இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம், எனக்கும் எடுக்க வேண்டிய நேரம்தான். புடவையிலேயே வா, ரவிக்கையை மட்டும் கழற்றினால் போதும். மேற்கொண்டு ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, அங்கே மண்டலப் புற்றுநோய் மையமே உண்டு. முன்னால் எப்போதாவது மார்பில் ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தப் படத்தையும் ரிப்போர்ட்டையும் தேடி எடுத்து வை, பழசோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு உதவும்.

எந்தத் தேதி என்று எழுதுடி, நான் இங்கிருந்து காலை பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். அண்ணனை மறக்காமல் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
உன் செல்வி