கலிலியோ கண்டது எது, நிரூபணமானது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புரட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 1610-ல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்ததுமே பூமி சூரியனைச் சுற்றுவது நிரூபணமாகிவிட்டது என்ற பொருள்பட எழுதியிருந்தது. பள்ளி மேடைகளிலும் இப்படித்தான் பேசுகிறார்கள். உண்மையில் நேரடிச் சான்று கிடைக்க அதன்பின் 118 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியைச் சொல்லாமல் விட்டால், கலிலியோவை ஏற்க மறுத்த எல்லோரும் மூடர்கள் என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். மறுத்தவர்களில் நல்ல வானியலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் கையில் கணக்கும் இருந்தது.

1610 ஜனவரி 7 அன்று, சுமார் 20 மடங்கு உருப்பெருக்கும் தொலைநோக்கியில் வியாழனுக்கு அருகே மூன்று புள்ளிகளைக் கலிலியோ கண்டார்: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. 13-ம் தேதி நான்காவது தெரிந்தது. இதனால் ஆட்டம் கண்டது ஒரே ஒரு வாதம்தான். பூமி ஓடினால் நிலா பின்தங்கிவிடுமே என்று கேட்டவர்களுக்கு, ஓடுகிற வியாழன் நான்கு நிலவுகளைக் கூடவே கூட்டிக்கொண்டு போவதைக் காட்ட முடிந்தது. பூமி ஓடுகிறதா என்ற கேள்வி அப்படியே நின்றது.

வெள்ளிதான் பெரிய அடி கொடுத்தது. பூமியை நடுவில் வைத்த பழங்கால வானியலாளர் தாலமியின் அமைப்பில் வெள்ளி எப்போதும் நமக்கும் சூரியனுக்கும் இடையில்தான் இருக்கும். அப்படியானால் அதன் ஒளிபட்ட பக்கம் பெரும்பாலும் நமக்கு மறுபுறம் இருக்கும். பிறையாக மட்டுமே தெரிய வேண்டும், பாதி வட்டத்தைத் தாண்டவே கூடாது. 1610-ன் கடைசி மாதங்களில் கலிலியோ கண்டதோ வேறு. ஏறக்குறைய முழு வட்டமாகச் சிறுத்திருந்த வெள்ளி, பாதியாகி, பிறகு பெரிய பிறையாகிக்கொண்டே வந்தது. சூரியனுக்கு அப்பால் போகாமல் அது முழு வட்டமாகத் தெரிய வழியே இல்லை. தாலமி அன்றே தோற்றார்.

ஆனால் வென்றது, சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸ் மட்டும் அல்ல. டைக்கோ பிராகி என்ற டேனிஷ் வானியலாளர் ஏற்கெனவே ஒரு நடுவழி சொல்லியிருந்தார்: கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும், சூரியன் அவற்றோடு பூமியைச் சுற்றும். இந்த அமைப்பிலும் வெள்ளியின் பிறைகள் அச்சு அசலாக அப்படியேதான் தெரியும். கலிலியோவின் கண்டுபிடிப்புகளைச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட ரோம் நகர இயேசு சபை வானியலாளர்கள், பின்னர் டைக்கோ பக்கம் சாய்ந்ததற்கு இடம் கொடுத்தது இதுதான். கணிப்பு பலித்துவிட்டால் மட்டும் அமைப்பு உண்மையாகிவிடாது. நம் பஞ்சாங்கக்காரர்கள் பூமியை நடுவில் வைத்தே கிரகணம் கணித்தார்கள். கிரகணமும் வந்துகொண்டுதான் இருந்தது.

டைக்கோவின் மறுப்பு வலுவானது. பூமி சுற்றுவதானால் ஆறு மாதத்தில் அது ஏறக்குறைய 30 கோடி கி.மீ. தள்ளிப் போயிருக்கும், அருகிலுள்ள விண்மீன்கள் இடம் மாறித் தெரிய வேண்டும். அவருடைய கருவிகள் ஒரு கலை வரை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை அளக்கும். மாற்றமே தெரியவில்லை. விண்மீன்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று சமாளிக்கலாம். அந்தத் தூரத்திலும் அவை கண்ணுக்கு ஒரு சிறு வட்டமாகத் தெரிகின்றனவே, அப்படியென்றால் ஒவ்வொன்றும் பூமியின் சுற்றுப்பாதை அளவுக்குப் பெரிதாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த வட்டம் ஒளியின் இயல்பாலும் கண்ணாலும் விளையும் போலித் தோற்றம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கலிலியோ தன் பங்குக்கு முன்வைத்த சான்று தவறானது. பூமி தன்னைத்தானே சுற்றுவது, சூரியனைச் சுற்றுவது ஆகிய இரு இயக்கங்களும் சேர்ந்து கடலை அலைக்கழிப்பதால்தான் ஏற்றவற்றம் வருகிறது என்றார். அந்தக் கணக்குப்படி நாளுக்கு ஒரு ஏற்றம்தான் வர வேண்டும். கடலோரத்து மீனவரிடம் கேட்டிருந்தால் இரண்டு என்று சொல்லியிருப்பார்.

சான்று வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. 1725 முதல் ஆங்கில வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி, லண்டனில் தலைக்கு நேர் மேலே கடந்து போகும் காமா டிராகோனிஸ் விண்மீனை அளந்துவந்தார். உச்சியில் காற்று மண்டலத்தின் ஒளிவிலகல் தொல்லை மிகக் குறைவு என்பதால் அந்தத் தேர்வு. விண்மீன் ஆண்டுக்கு ஒருமுறை 40 விகலை அகலத்தில் போய்வந்தது. (60 விகலை ஒரு கலை.) ஆனால் தேடிய இடமாறு தோற்றத்துக்கு (பூமி நகர்வதால் விண்மீன் இடம் மாறித் தெரிவதற்கு) எந்த மாதம் உச்சம் வர வேண்டுமோ, அதிலிருந்து மூன்று மாதம் தள்ளி வந்தது. 1728-ல் விடை பிடிபட்டது. நேராகக் கொட்டும் மழையில் பைக்கில் போனால் மழை முகத்தில் சாய்ந்து அடிக்கிறது அல்லவா, ஒளியும் அப்படித்தான் சாய்கிறது. பூமியின் வேகம் நொடிக்கு 30 கி.மீ., ஒளியின் வேகம் 3 லட்சம் கி.மீ.; விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று. அதைக் கோணமாக்கினால் சுமார் 20.5 விகலை. இருபுறமும் சேர்த்தால் பிராட்லி அளந்த 40 வந்துவிடுகிறது. தொலைவு எதுவானாலும் எல்லா விண்மீன்களுக்கும் இதே சாய்வுதான். ஆகவே ஓடுவது விண்மீன்கள் அல்ல, நாம்.

டைக்கோ தேடிய இடமாற்றம் 1838-ல்தான் கிடைத்தது. கோனிக்ஸ்பர்கில் ஜெர்மன் வானியலாளர் பெசல், 61 சிக்னி விண்மீனுக்கு 0.31 விகலை என்று அளந்தார். (இன்றைய அளவு 0.29, தொலைவு 11.4 ஒளியாண்டு.) டைக்கோவின் கருவி பிடிக்கக்கூடிய அளவில் இருநூறில் ஒரு பங்கு! தாமஸ் ஹெண்டர்சன் தென்னாப்பிரிக்காவில் ஆல்பா செண்டாரியை அதற்கு முன்பே அளந்திருந்தும், 1839 வரை வெளியிடத் தயங்கிப் பெருமையைப் பறிகொடுத்தார். அந்த விண்மீன் நமக்கும் தெரியும். மே நடுவில் இரவு 11 மணி வாக்கில் தென்வானில், சென்னையிலிருந்து 16 பாகை உயரத்தில். அது இரட்டை விண்மீன் என்று 1689 டிசம்பரில் கண்டறிந்தவர், புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற பாதிரியார்.

பூமி தன்னைத்தானே சுற்றுவது வேறு கேள்வி. ஆரியபட்டர் 499-ல் சொன்னது இதைத்தான். சூரியனைச் சுற்றுவதையும் அவர் சொல்லிவிட்டதாக மேடையில் முழங்குவோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தன்சுழற்சியைக் கண்முன் காட்டியது 1851-ல் பாரிசில் ஃபூக்கோ தொங்கவிட்ட ஊசல்: 67 மீட்டர் கம்பி, 28 கிலோ குண்டு. இதை நம் பள்ளிக்கூடங்களிலும் செய்யலாம். ஆனால் பாரிஸ் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். அங்கே ஊசலின் தளம் மணிக்கு 11 பாகைக்கு மேல் திரும்பும். சென்னை, வேலூர் அகலாங்கில் 3.4 பாகை, கன்னியாகுமரியில் 2.1 பாகைதான்.

திருப்பம் இவ்வளவு சிறிதாக இருப்பதால் பிழை எளிதில் அதை விழுங்கிவிடும். குண்டு நேர்கோட்டில் ஆடாமல் நீள்வட்டமாக ஆடினால், அந்த நீள்வட்டமே தானாகத் திரும்பும். 6 மீட்டர் கம்பியில், நடுவிலிருந்து 50 செ.மீ. வீச்சுக்குப் பக்கவாட்டில் 1 செ.மீ. விலகினால் போதும், அதனால் வரும் திருப்பம் சென்னையில் பூமியால் வருவதைப் போல நான்கு மடங்கு. அதனால்தான் குண்டைக் கையால் விடக் கூடாது. பருத்தி நூலால் இழுத்துக் கட்டி, ஆட்டம் முழுவதும் அடங்கிய பிறகு நூலைத் தீக்குச்சியால் எரித்து விட வேண்டும். கம்பியைக் கொக்கியில் மாட்டினால் ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் சிரமமாகவும் ஆடி நீள்வட்டம் தொடங்கிவிடும். எல்லாப் பக்கமும் சமமாகப் பிடிக்கும் டிரில் சக் (துளைக்கும் கருவியின் முனையை இறுக்கும் பிடி) நல்லது. 1 மி.மீ. எஃகுக் கம்பி, குறைந்தது 10 கிலோ குண்டு, மின்விசிறி நிறுத்தம், சாத்திய கதவு. ஒரு மணி நேரம் கழித்து மேலிருந்து பார்த்தால் தளம் வலஞ்சுழியாகத் திரும்பியிருக்கும். இடஞ்சுழியாகத் திரும்பியிருந்தால் பூமியைக் குறைசொல்ல வேண்டாம், மேலே கம்பியின் பிடியைப் பாருங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளி மாலை வானில் இறங்கிவரும் காலங்களில், சூரியனை நெருங்கி மறைவதற்கு முந்தைய ஒரு மாதத்தை அறிவியல் பக்கத்தில் முன்கூட்டியே அறிவியுங்கள். அப்போது முக்காலியில் பொருத்திய 10 மடங்கு பைனாகுலரிலேயே பிறை தெரியும். சூரியன் முழுதாக மறைந்த பிறகு, வானம் வெளுத்திருக்கும்போதே பார்க்க வேண்டும். இருட்டிவிட்டால் வெள்ளியின் ஒளிக் கூச்சத்தில் வடிவம் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
வேலூர்