செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 – மார்ச் 2025

மதிப்பிற்குரிய போசகர் அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பழைய கார்களைப் பேணிவரும் தமிழ் பேசும் அன்பர்களின் சங்கமாகிய எமது சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளை, யாப்பு விதித்த கடமைப்படி இப்பொதுக்கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடல் வெள்ளவத்தையில் வழமைபோல் நடைபெற்றது. விஜயதசமியன்று உறுப்பினர்களின் கார்களுக்குப் பூசை செய்யப்பட்டது. பெப்ரவரி மாதம் காலிமுகத்திடலில் இருந்து நீர்கொழும்பு வரையான கார்ப் பவனி எவ்வித பழுதும் இன்றி நிறைவேறியது. நிர்வாகக் குழுக் கூட்டங்கள் ஒழுங்காகக் கூட்டப்பட்டன. கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் வரவு) போதாமையால் சில கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டமையைக் கூட்டக் குறிப்பேட்டில் காணலாம்.

இனி, பழைய காரை ஈரம் அண்டாமல் நிறுத்தி வைக்க வீட்டிலேயே கராஜ் கட்டுவது எப்படி என்று உறுப்பினர்களுக்குக் காட்டும் வீட்டுக் கராஜ் வழிகாட்டல் திட்டத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டின் பெரும்பகுதி உழைப்பும் சங்க நிதியில் கணிசமான ஒரு பங்கும் இதற்கே சென்றன என்பதும், அதனை உறுப்பினர்களுள் ஒரு சாரார் விரும்பவில்லை என்பதும் சபை அறிந்ததே. "நாங்கள் கார்ச் சங்கமா, கட்டடச் சங்கமா?" என்று குழுக் கூட்டம் ஒன்றில் கேட்கப்பட்டது. நேரமின்மையால் அன்று அதற்கு முழுமையான பதில் தரப்படவில்லை. திட்டத்தை முன்மொழிந்தவன் என்ற முறையில் அப்பதிலை எழுத்தில் தருவது என் பொறுப்பு.

எமது கார்களில் பெரும்பாலானவை ஓடி அழியவில்லை. நின்ற இடத்திலேயே அழிந்தன. கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. காலி வீதிக்குக் கடற்புறமாக வாழ்வோரின் முற்றங்களில் இரவு பகலாக உப்புக் காற்றுப் படிகிறது. உருக்குத் தகடு துருப்பிடிப்பதற்கு மழையில் நனைய வேண்டிய அவசியமே இல்லை. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு விரைவு கொள்ளும், உப்புப் படிந்த தகட்டுக்கு அதனிலும் குறைந்த ஈரம் போதும். ஒஸ்டின் ஏ 40 சமசெட் போன்ற கார்களில் கீழே தனிச் சட்டகம் உண்டு. உடல் அரித்தாலும் சட்டகம் தாங்கும். மொறிஸ் மைனரிலோ உடற் தகடுகளே சட்டகத்தின் வேலையையும் செய்வதால், கதவுக்குக் கீழான தகடும் காரைத் தாங்கும் வில்லுத் தகடுகள் பொருத்தப்படும் இடங்களும் அரித்த பின்னர் மேலே எவ்வளவு அழகாகப் பூச்சுப் பூசினாலும் அது பாதுகாப்பான கார் அல்ல.

உதிரிப்பாகம் கிடைக்காமை எமது முதன்மைப் பிரச்சினை என்று சொல்லப்படுவதையும் நான் ஏற்கவில்லை. 1948இல் வெளிவந்து 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்ட மைனருக்கு இன்றும் பாகங்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. அதற்கான தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் இருந்தது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பொறுமையாகத் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்புவது குறைவு. ஆனால் மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் ஏ 40, தெஹிவளையில் வெறும் மண் தரையில் பிளாஸ்ரிக் தார்ப்பாய்க்குக் கீழே பல மழைக்காலங்களைக் கழித்தது. குடும்பத்தினர் தார்ப்பாயை நீக்கியபோது மேற்பூச்சு மினுங்கியது. கதவைத் திறந்தபோது உள்தளத்தினூடாக மண் தெரிந்தது. மழையைத் தடுத்த அதே தார்ப்பாய், மண்ணில் இருந்து எழுந்த ஈரத்தை வெளியே போகவிடாமல் தகட்டிலேயே தேக்கி வைத்திருக்கிறது. அக்காரைப் பார்த்துவிட்டு வந்த பின்னர்தான் இத்திட்டத்தைக் குழுவின் முன் வைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அலுவலகம், பாடசாலை, சந்தை என்று பழைய காரையே ஓட்டியவர்கள், 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாரத்துக்கு 20 லீற்றர் என்ற பங்கீட்டுப் பெற்றோலுக்குக் கியூ.ஆர். குறியீட்டுடன் காத்து நின்று அதனை ஓட்டியவர்கள், இப்போது புதிய காருக்கு மாறத் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அன்றாடம் ஓடிய கார் ஓட்டம் நின்று ஒதுக்கப்படும்போதுதான் அதன் கேடு தொடங்குகிறது. ஆகவே கராஜ் பற்றிய அக்கறை முன்னெப்போதையும்விட இந்த ஆண்டு தேவையாயிற்று.

திட்டத்தின்படி இரத்மலானையில் உறுப்பினர் ஒருவரின் பின்வளவில் மாதிரிக் கராஜ் ஒன்று கட்டப்பட்டது. கட்டுமானச் செலவை அவரே ஏற்றார். வரைபடம், மேற்பார்வை, கலவை இயந்திர வாடகை ஆகியன சங்கத்தின் பங்கு. உள்ளளவு 20 அடிக்கு 12 அடி, அதாவது 240 சதுர அடி. காணி அளக்கும் அலகான ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால், சுவர்களைத் தவிர்த்துப் பார்த்தால் ஒரு பேர்ச்சுக்குள் ஒரு பழைய காருக்கு இடம் செய்துவிடலாம் என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம், வொக்ஸ்வாகன் பீற்றிலின் நீளம் ஏறத்தாழ 13 அடி 4 அங்குலம். இரண்டில் எதை நிறுத்தினாலும் முன்னால் ஒரு வேலை மேசைக்கும் பக்கவாட்டில் கதவைத் திறந்து இறங்குவதற்கும் இடம் மிஞ்சும்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கராஜ்தானே என்று அனுமதியின்றிக் கட்ட முடியாது. முதலில் மாநகர சபையில், வீதிக்கென ஒதுக்கப்பட்ட எல்லையைக் காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பெற்று, பின்னர் வரைபடத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். தாமதம் இருக்கும், ஆனாலும் கட்டியதை இடிப்பதைவிடத் தாமதம் மேல்.

தளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கராஜின் நன்மை தீமை அனைத்தும் அதிலேயே தங்கியிருக்கிறது. மண்ணை நன்கு இறுக்கி, அதன்மேல் மணல் பரப்பி, 1,000 கேஜ் தடிப்புள்ள பொலிதீன் விரிப்பைச் சுவர் ஓரங்களில் மேல் மடித்து விரித்த பின்னரே 4 அங்குலக் கொங்கிறீட் இடப்பட்டது. இந்த விரிப்பு இல்லாத தளம் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் ஈரத்தை மேலே இழுக்கும். விரிப்பின் விலை மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. இருந்தும் மேசன்மார் முதலில் கைவிட விரும்புவதும் அதையே. வாசலை நோக்கி 80க்கு 1 என்ற சரிவு, அதாவது 20 அடிக்கு 3 அங்குலம் வைக்கப்பட்டது. காரில் இருந்து வடியும் மழைநீர் தானாக வெளியேறும். கொங்கிறீட் இட்ட பின் ஏழு நாட்கள் நீர் தேக்கி ஈரமாக வைத்திருந்தோம். எபொக்சிப் பூச்சுப் பூச விரும்புவோர் குறைந்தது 28 நாட்கள் பொறுக்க வேண்டும். அதன் பின்னரும் ஒரு பொலிதீன் துண்டின் நான்கு ஓரங்களையும் தளத்தில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். உட்புறம் வியர்த்திருந்தால் பூச்சு நிச்சயமாகக் கழன்று வரும்.

காருக்கு அடியில் இறங்கி வேலை செய்வதற்குக் குழி வேண்டும் என்று பலர் வற்புறுத்தினர். குழு என் ஆலோசனைப்படி அதனை மறுத்தது. அந்த முடிவில் நான் இன்றும் உறுதியாக நிற்கிறேன். கொழும்பின் தாழ்நிலங்களில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும். ஊறிய நீரில் நுளம்பு பெருகும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்ட பின்னர், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேள்வி கேட்பதில் நியாயம் உண்டு. பழைய ரயர்களை வெளியே குவித்து வைக்கும் உறுப்பினர்களும் இதனை மனங்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தேடிப்போய்த் தங்கும் இடம் குழிதான், அங்கே ஒரு பொறி போதும். குழிக்குப் பதிலாகச் சாய்தளங்களையும் இரும்புத் தாங்கிகளையும் பயன்படுத்தலாம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்குக் கீழே போகக் கூடாது என்பதை ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன். இந்த ஆண்டும் சொல்கிறேன்.

பெற்றோல் ஆவி கீழே தங்குவதாலும், பற்றரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஐதரசன் மேலே எழுவதாலும், சுவரின் அடியிலும் கூரைக்குக் கீழும் காற்றுத் துளைகள் வைக்கப்பட்டன. கடலை நோக்கிய சுவரில் துளை எதுவும் வைக்கவில்லை. கதவை மூடிக்கொண்டு எஞ்சினை இயக்கலாகாது. கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற் தவிர்க்கப்பட்டு, கீழே வெப்பக் காப்பு விரித்த துத்தநாக அலுமினியத் தகடு போடப்பட்டது. மின்னிணைப்புக்குத் தனியாக, மின்கசிவு ஏற்பட்டால் மின்னைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் பொருத்தப்பட்டது. கார்களைப் போர்த்துவதற்குப் பருத்தித் துணி உறையே ஏற்றது.

கராஜ் காருக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் இத்திட்டம் காட்டியது. அதன் உரிமையாளர் பழைய வால்வு வானொலிகளைத் திருத்துபவர். அவருடைய மகன் மரவேலையில் ஈடுபாடு கொண்டவர். மரத்தூளும் பெயின்ற் வேலையும் ஒரே கூரையின் கீழ் ஒத்துப்போகா என்பதால், வாளும் இழைப்புளியும் வாசலருகே, வானொலி மேசை உட்கோடியில் என்று பிரித்தோம். இன்று அந்த வீட்டில் மூன்று தலைமுறையினர் மாலையில் அங்கேயே கூடுகிறார்கள். கார் ஆர்வம் எம்முடன் முடிந்துவிடக் கூடாது என்று விரும்புபவர்கள் ஒருமுறை இரத்மலானைக்குப் போய்ப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தளத்துக்குக் கொங்கிறீட் இட்ட நாளைப் பற்றி நான் எழுதாமல் விட்டால் அது அறிக்கையாகாது. சிரமதானத்துக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் மிகச் சிலரே வந்தனர். குழைத்த கொங்கிறீட் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. வயதில் மூத்த இருவர் சல்லித் தாச்சி சுமக்க நேர்ந்தது எனக்குப் பெரும் வருத்தம். அதே உறுப்பினர்கள் நீர்கொழும்புப் பவனிக்குக் குடும்பத்துடன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து நின்றதையும் கண்டேன்.

சந்தா நிலுவை முன்னைய ஆண்டைவிடக் கூடியுள்ளது. நினைவூட்டல்கள் கடிதமாகவும் வட்சப் வழியாகவும் அனுப்பப்பட்டன. வாசித்ததற்கான நீலக் குறி வந்தது, பணம் வரவில்லை. பெயர்களை இங்கே வெளியிட வேண்டாம் என்று தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை. சங்கத்தின் காற்றமுக்கியும் எஞ்சின் தூக்கியும் இரவல் பெற்ற இடங்களில் இருந்து இன்னும் திரும்பவில்லை. அவை சந்தா கட்டிய அனைவருக்கும் பொதுவான பொருட்கள்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மொத்தத்தில் வரவு செலவை ஈடுசெய்து சிறிது மிகுதியும் உள்ளது. கராஜ் திட்டச் செலவுகள் அபிவிருத்தி, ஏனையவை ஆகிய இரு தலைப்புகளின் கீழ் அடங்கும்; விவரம் வேண்டுவோர் என்னிடம் பற்றுச்சீட்டுகளைப் பார்க்கலாம்.

ஆலோசனை வழங்கிய போசகருக்கும், பொறுமையுடன் கூட்டங்களை நடத்திய தலைவருக்கும், பொருளாளருக்கும், வரைபடத்தைக் கட்டணமின்றிப் பரிசீலித்த பொறியியலாளருக்கும், மண்டபம் தந்து உதவியவர்களுக்கும், மாதிரிக் கராஜுக்கு வளவைத் திறந்துவிட்ட குடும்பத்தினருக்கும், கொங்கிறீட் நாளில் வந்த அந்தச் சிலருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வருகின்ற ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். எமது உறுப்பினர்களில் பலர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளில் வாழ்பவர்கள். அவர்களுக்குக் கராஜ் கட்ட நிலம் இல்லை. கோடு போட்ட ஒரு தரிப்பிடம் மட்டுமே உண்டு. அங்கே எஞ்சினைக் கழற்ற, தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. இவர்களுக்காக இரத்மலானை அல்லது மொறட்டுவைப் பக்கத்தில் ஒரு கொட்டகையை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, சில கார்களை நிறுத்தவும் வார இறுதியில் வேலை செய்யவும் ஏற்றதாக ஆக்கலாம். வரைபடம் தயாராக உள்ளது. மேலே சொன்ன தளமும் காற்றுத் துளைகளும் அதிலும் உண்டு. இன்றைய கையிருப்பில் முற்பணத்துக்குக்கூட வழியில்லை. நிலுவைச் சந்தா முழுமையாக வந்தால் முற்பணம் தேறும். செயலாளர் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்குமாறு சிலர் அன்புடன் கேட்டுள்ளனர். அக்கொட்டகையைச் செய்து முடிக்க உறுப்பினர்கள் விரும்புகிறார்கள் என்பது ஜூன் மாத இறுதிக்குள் பொருளாளரின் புத்தகத்தில் தெரியுமானால், இரண்டு இளைய உறுப்பினர்கள் துணைச் செயலாளர்களாக முன்வருவார்களானால், இன்னும் ஓர் ஆண்டு பணியாற்ற நான் ஆயத்தமாக இருக்கிறேன். இல்லையெனில் கோப்புகளையும் வரைபடங்களையும் அடுத்த குழுவிடம் முறைப்படி ஒப்படைப்பேன்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

கௌரவ செயலாளர்
கொழும்பு