முடியாத சந்தாவுக்கு மூன்று ‘இறுதி அறிவித்தல்’கள்: பணத்தைச் சீர்செய்து தருமாறு கோரல்

ஆரையம்பதி,
மட்டக்களப்பு.
2025.09.29

பதிவுத் தபால்

முகாமையாளர் அவர்கட்கு,
சந்தாப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

தங்கள் மாத சஞ்சிகையின் சந்தாதாரராக 2011 ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் நான், தொலைபேசியில் ஐந்து தடவையும் நேரில் ஒரு தடவையும் சொல்லிக் களைத்த பின்னரே இதனை எழுத்தில் தருகின்றேன். எனது பழைய சந்தா இலக்கமும், நான் கேளாமலே தாங்கள் எனக்கு வழங்கிய புதிய சந்தா இலக்கமும் இத்துடன் இணைத்துள்ள முகவரிச் சீட்டுகளில் உள்ளன. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நான் மேற்கொண்டு ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. ஆயினும் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லாதபடியால் எழுதுகின்றேன்.

எனது சந்தா 2024 ஜனவரி இதழ் முதல் 2025 டிசம்பர் இதழ் வரையான இருபத்துநான்கு இதழ்களுக்கானது. முகவரிச் சீட்டின் வலது மூலையில் ‘12/25’ என்று தாங்களே அச்சிட்டு அனுப்புகின்றீர்கள். அப்படியிருக்க, முதலாவது பச்சைத் தாள் 2025 மே 9 ஆம் திகதி முத்திரையுடன் வந்தது. ‘உங்கள் சந்தா முடிவடையவுள்ளது’ என்றது. ஜூன் 12 இல் ‘அவசர நினைவூட்டல்’ வந்தது. ஜூலை 7 இல் சிவப்பு எழுத்தில் ‘இறுதி அறிவித்தல்’ வந்தது. பத்து நாட்களுக்குள் பணம் செலுத்தாவிடின் ‘அடுத்த இதழ் நிறுத்தப்படலாம்’ என்று அதில் எழுதியிருந்தது. ஜூலை மாதத்தில் எனக்கு இன்னும் ஐந்து இதழ்கள் வரவேண்டியிருந்தன. அவற்றுக்கான பணம் தங்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. அப்படியானால் எந்த அடுத்த இதழை எந்த நியாயத்தில் நிறுத்தப் போகின்றீர்கள்? அந்த ‘லாம்’ என்ற இரண்டு எழுத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று எழுதியவர் நினைத்திருக்கக்கூடும். மூன்று தாள்களிலும் சந்தா எந்த மாதத்தில் முடிகின்றது என்பதை மட்டும் ஓரிடத்திலும் காணவில்லை. விலை இருக்கின்றது, வங்கிக் கணக்கு இலக்கம் இருக்கின்றது, சிரித்த முகத்துடன் ஒரு குடும்பத்தின் படமும் இருக்கின்றது. முடிவுத் திகதி இல்லை.

நான் முப்பத்தோராண்டுகள் தபால் திணைக்களத்தில் வேலைசெய்து உப தபாலதிபராக ஓய்வுபெற்றவன். கையில் ஓர் உறை வந்தால் முதலில் திகதி முத்திரையைப் பார்ப்பதும், அடுத்ததாக முகவரியை முழுதாக வாசிப்பதும் எனக்குப் பழக்கம். ஆகையால் முதல் இரண்டு தாள்களையும் நான் பொருட்படுத்தாமல் ஒதுக்கிவைத்தேன். மூன்றாவது வந்தபோது கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து, ஒரு கண்ணைக் கட்டியபடி களுவாஞ்சிகுடியில் மகள் வீட்டில் இருந்தேன். ஆரையம்பதி வீட்டில் தனியே இருந்த என் மனைவி, ‘இவர் இல்லாத நேரம் பார்த்துப் புத்தகம் நின்றுவிட்டால் என்னைத்தான் ஏசுவார்’ என்று பயந்து, மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் 4,800 ரூபாவை எடுத்து, ஜூலை 15 ஆம் திகதி காத்தான்குடிக்குச் சென்று வங்கியில் தங்கள் கணக்குக்கு வைப்புச் செய்துவிட்டார். வைப்புச் சீட்டின் நிழற்பிரதி இணைக்கப்பட்டுள்ளது. ஆடி அமாவாசை அன்று அவர் மாமாங்கத்துக்குப் போகவில்லை. அதை என்னிடம் அவர் சொல்லவுமில்லை, பிறகு மகள்தான் சொன்னாள். தாங்கள் அனுப்பிய தாளினால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பது தங்களுக்கும் தெரியட்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றேன்.

பணம் செலுத்தியதோடு விடயம் முடிந்திருந்தால்கூட, அடுத்த ஆண்டுக்கான சந்தாவை முன்கூட்டியே கட்டினோம் என்று ஆறியிருப்பேன். வழமையாகப் புதுப்பித்தால், புதிய காலம் பழைய காலத்தின் நுனியில் ஒட்டப்பட வேண்டும், அதாவது 2026 ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிய வேண்டும். தங்கள் பிரிவு என் மனைவியின் பணத்தைப் புதிய சந்தாவாகப் பதிந்து, என் பெயரின் ஓரெழுத்தை மாற்றி, புதிய இலக்கம் ஒன்றைக் கொடுத்து, 2025 ஆகஸ்டில் தொடங்கி ‘07/26’ இல் முடியுமாறு வைத்துவிட்டது. ஆகஸ்ட் இதழ் இரண்டு வந்தன. செப்டெம்பர் இதழ் இரண்டு வந்தன. இப்படியே டிசம்பர் வரை ஐந்து இதழ்கள் இரட்டையாக வரும். ஓர் இதழ் 400 ரூபா வீதம் 2,000 ரூபா என் கையைவிட்டுப் போகின்றது. அது மட்டுமல்லாமல், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நான் மீண்டும் பணம் கட்ட வேண்டிய நிலை வரும். அந்தச் சந்தாவுக்கும் இதே வழக்கப்படி வரும் டிசம்பரிலேயே பச்சைத் தாள் வந்து சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஜூலை 28 ஆம் திகதியிட்டு ‘புதுப்பித்தமைக்கு நன்றி’ என்ற கடிதம் வந்தது. இரண்டே நாள் கழித்து, ஜூலை 30 ஆம் திகதி முத்திரையுடன் பழைய இலக்கத்துக்கு மீண்டும் ஓர் ‘இறுதி அறிவித்தல்’ வந்தது. செப்டெம்பர் 18 இல் மூன்றாவது ‘இறுதி அறிவித்தல்’ வந்தது. இறுதி என்ற சொல்லுக்குத் தங்கள் அலுவலகத்தில் என்ன பொருள் வழங்குகின்றது என்று தெரிந்தால் நன்று. 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதத்தின் தபால் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது தாங்கள் அறியாததல்ல. அக்கணக்கில் ஐந்து தாள்களுக்கு 250 ரூபா. என் பிரச்சினையைத் தீர்க்கச் செலவழிக்க மனம் வராத பணம் இது.

இனி, ஆகஸ்ட் 28 ஆம் திகதி காலை 10.20 அளவில் என்னுடன் பேசிய தங்கள் ஊழியரைப் பற்றி. அவர் பெயரைக் கேட்டபோது சொல்ல மறுத்தார். தமிழுக்கான இலக்கத்தை அழுத்திக் காத்திருந்து, சங்கீதம் கேட்டு, பின் சிங்களத்தில் பேசுபவருக்கே இணைப்புக் கிடைப்பது வழமையாதலால் (அம்பாறையில் நான்கு ஆண்டுகள் வேலைசெய்தவன் நான், சிங்களம் எனக்குத் தடையில்லை, இருந்தும் பிறகெதற்கு அந்த இலக்கம்?), அன்று தமிழ்க் குரல் கேட்டதும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி ஒரு நிமிடம் நிலைக்கவில்லை. இரண்டு பிரதிகள் வருகின்றன என்று நான் சொல்லி முடிக்கும் முன், “அங்கிள், ஒரு புத்தகம் கூட வந்தா நல்லந்தானே, பக்கத்து வீட்டுக்குக் குடுங்க” என்றார். நான் அவருக்கு அங்கிள் அல்ல, பணம் கட்டிய சந்தாதாரர். பக்கத்து வீட்டுக்கு என்ன கொடுப்பது என்பதை நானும் என் மனைவியும் தீர்மானித்துக்கொள்வோம். பணம் கட்டிய பின்னரும் இறுதி அறிவித்தல் வந்தது ஏன் என்று கேட்டபோது, தபால் வேலைநிறுத்தத்தில் பழைய கடிதம் தேங்கி வந்திருக்கும் என்றார். ஐயா, தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஆகஸ்ட் 17 ஆம் திகதி தொடங்கி ஒரு வாரம் நடந்தது. என் கையிலுள்ள உறையில் ஜூலை 30 ஆம் திகதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கின்றது. அந்த உறையும் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டது. தங்கள் குற்றத்தை, வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்துத் தங்கள் தாளைக் கொண்டுவந்து தந்த தபாற்காரர் தலையில், அதுவும் என்னிடமே, கட்டப் பார்த்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. முத்திரையைப் பற்றிச் சொன்னதும் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த தடவை பேசியவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் அவருடைய மரியாதையால் எனக்கு ஒரு முழுநாள் வீணாகியது. கிழக்கு மாகாணச் சந்தாதாரர்களின் முறைப்பாடுகளைக் கல்முனைக் கிளையில் நேரில் கொடுக்க வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமை போனால் பொறுப்பதிகாரியைச் சந்திக்கலாம் என்றும் அவர் சொன்னார். செப்டெம்பர் 12 ஆம் திகதி, உறைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி முப்பது கிலோமீற்றருக்கு மேல் பயணித்து, கல்லாறு தாண்டி, நண்பகல் பன்னிரண்டுக்குக் கல்முனையில் இறங்கினேன். கிளை ஜும்ஆத் தொழுகைக்காகப் பூட்டியிருந்தது. அதில் குற்றம் காண நான் யார்? இந்த ஊரில் வெள்ளிக்கிழமை நண்பகலில் யாரும் அலுவலுக்குப் போவதில்லை என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து சொன்னவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் ஏன் நாளைக் குறித்துச் சொல்ல வேண்டும்? சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்தபடி இரண்டு மணிவரை கடைத் தாழ்வாரம் ஒன்றில் நின்றேன். இரண்டேகாலுக்கு வந்த இளைஞர், “சேர், இஞ்ச நாங்க புதுச் சந்தா மட்டுந்தான் எடுப்பம், முறைப்பாடெல்லாம் கொழும்பு வேலை” என்று வருத்தத்தோடு சொல்லி, என்னைக் கதிரையில் இருத்தி, தண்ணீரும் தந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. புறப்படும்போது, இப்போது சேர்ந்தால் ஒரு குடை இலவசம் என்று புதிய சந்தாப் படிவம் ஒன்றையும் அவர் நீட்டினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அதுதானே. அந்தப் படிவத்தையும் இணைத்துள்ளேன்.

இடையில் கல்முனைக்குப் போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது இதுதான். புதிய இலக்கத்தை நீக்கி, அதன் பணத்தைப் பழைய இலக்கத்தில் 2026 ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று சேர்க்க வேண்டும், அல்லது 4,800 ரூபாவையும் முழுமையாகத் திருப்பித் தரவேண்டும். வந்த இரண்டு மேலதிகப் பிரதிகளும் பிரிக்கப்படாமல் அப்படியே என்னிடம் உள்ளன, தங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். பஸ் கட்டணம், தொலைபேசி, நிழற்பிரதி, ஒரு நாளின் அலைச்சல், என் மனைவியின் மனவருத்தம், மருத்துவர் எச்சரித்த அளவுக்கு ஏறிய என் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காக 25,000 ரூபா நட்டஈடு கோருகின்றேன். இத்தொகை அதிகம் என்று தாங்கள் கருதினால், பதினான்கு ஆண்டுகளாகத் தவறாமல் பணம் கட்டியவரின் இரண்டு மாத நிம்மதிக்குத் தாங்களே ஒரு விலை சொல்லுங்கள். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் சில நாளேடுகளே அச்சை நிறுத்திய காலத்தில், தங்கள் சஞ்சிகை மெலிந்து, பிந்தி, சில மாதங்கள் வராமலே போனபோதும் ஒரு கடிதம் எழுதாமல் பொறுத்திருந்தவன் நான். அந்தப் பொறுமையை நினைத்தாவது எனக்கு ஒழுங்கான பதில் ஒன்று தந்திருக்கலாம்.

ஏழு மாதங்களுக்கு முன்பே பணத்தை வாங்கி வைத்துக்கொள்வது தங்களுக்கு வட்டியில்லாக் கடன் போன்றது என்பது எனக்குப் புரிகின்றது. விலை உயருமுன் புதுப்பிக்குமாறு நேர்மையாகக் கேட்டிருந்தால் நானே மனமுவந்து கட்டியிருப்பேன். முடியாததை முடிகின்றது என்று சொல்லி வாங்குவது வேறு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்துகொள்வதைத் தடைசெய்கின்றது. தங்கள் சட்ட ஆலோசகரிடம் அதனை ஒருமுறை வாசித்துக் காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் என் தொலைபேசியில் ஏற்கெனவே பதிந்துள்ளது. முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், ஜூலை 15 இலிருந்து எண்ணினால் எனக்கு ஒக்டோபர் 15 வரைதான் காலமுண்டு. ஆகவே ஒக்டோபர் 10 ஆம் திகதிக்குள் எழுத்து மூலம் பதில் கிடைக்காவிடின், அடுத்த நாளே முறைப்பாடு போகும். இந்தத் திகதி உண்மையான இறுதித் திகதி.

சஞ்சிகையின் மீது எனக்கு வெறுப்பில்லை என்பதையும் இங்கு பதிவுசெய்ய வேண்டும். செப்டெம்பர் இதழை, கண்ணாடி மாற்றிய பின் முதலாவதாக, ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். அதனாலேயே இவ்வளவும் எழுதத் தோன்றியது.

பதிலுக்கென்று என் முகவரி எழுதி, 50 ரூபா முத்திரை ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைத்துள்ளேன். தயவுகூர்ந்து அதில் பச்சைத் தாளை வைத்து அனுப்ப வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்.

இணைப்பு: முகவரிச் சீட்டுகள் இரண்டு, திகதி முத்திரை தெரியும்படி உறைகள் ஐந்தின் நிழற்பிரதிகள், வங்கி வைப்புச் சீட்டின் நிழற்பிரதி, நன்றிக் கடிதத்தின் நிழற்பிரதி, குடைக்கான படிவம் (நிரப்பப்படவில்லை).