தொடாத வரியை மாற்றாதீர்கள்: ஸ்பெக் கோப்புக் கருவிகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களே,

வணக்கம். ஃபெடோரா, ஓபன்சூசே போன்ற லினக்ஸ் வழங்கல்களில் மென்பொருளை நிறுவப் பயன்படும் ஆர்பிஎம் பொதிகளை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பைப் படிவம் நிரப்புவதுபோல் எழுத வழிசெய்யும் வரைகலைக் கருவிகளை உருவாக்குகிறீர்கள். பெயர், பதிப்பு, உரிமம், சார்புகள் என்று கட்டங்கள், கீழே ஒரு ‘சேமி’ பொத்தான். பொதி கட்டப் புதிதாக வருபவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பது எங்களுக்குத் தெரியும். அந்தச் ‘சேமி’ பொத்தானைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏற்கெனவே உள்ள ஒரு ஸ்பெக் கோப்பைத் திறந்து, பதிப்பு எண்ணை 1.4.2 என்பதிலிருந்து 1.4.3 ஆக்கிச் சேமிக்கிறோம். மாற வேண்டியது ஒரு வரி, சேஞ்ச்லாக் (மாற்றக் குறிப்பு) பதிவோடு சேர்த்தால் மூன்று நான்கு. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் கிட் டிஃப் போட்டால் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும். கருவி கோப்பை, மேக்ரோக்கள் (கட்டும்போது உரிய மதிப்பாக விரியும் குறிச்சொற்கள்) விரிந்த நிலையில் படித்து, விரிந்த மதிப்புகளையே திரும்ப எழுதிவிடுகிறது.

இதில் மிக மோசமாக அடிபடுவது ரிலீஸ் வரி. அங்கே 1 என்ற கட்டுமான எண்ணையடுத்து, எந்த வழங்கலுக்குக் கட்டப்படுகிறது என்பதைக் குறிக்கும் டிஸ்ட் மேக்ரோ இருக்கும். ஃபெடோரா 40 கணினியில் சேமித்ததும் அது ‘1.எஃப்சி40’ என்று உறைந்துவிடுகிறது. பில்ட் தோற்பதில்லை, பிழைச் செய்தியும் வராது. அதே கோப்பை ஃபெடோரா 41-க்குக் கட்டினாலும் பொதியின் பெயரில் 40 என்றே இருக்கும். பெயர், பதிப்பு, ரிலீஸ் மூன்றும் பழைய பொதியோடு ஒத்துப்போவதால், புதுப்பிக்க எதுவுமில்லை என்று பொதிகளை நிறுவும் டிஎன்எஃப் கருவி விட்டுவிடும். பயனர் 41-க்கு மாறிய பிறகும் பழைய பைனரியே தங்கியிருக்கும். இடையில் ஏதாவது நூலகத்தின் சோநேம் (அதன் பொருந்துதன்மையைக் குறிக்கும் பெயர்) மாறியிருந்தால், சார்பு நிறைவேறவில்லை என்று மேம்படுத்தலே நின்றுபோகும். பராமரிப்பவர் சரியாகத்தான் மறுபடி கட்டியிருப்பார். புதிய பொதியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஒரு வரியில் ஒரு மேக்ரோ காணாமல் போனதைக் கண்டுபிடிக்க எத்தனை மாலைகள் வீணாகின்றன என்பதை நீங்கள் உணர வேண்டும்.

நிபந்தனைகளுக்கும் இதே கதிதான். வரைகலை நூலகமான கியூட்டி 6-இன் மேம்பாட்டுப் பொதிக்கு ஃபெடோராவில் ‘கியூட்டி6-கியூட்டிபேஸ்-டெவெல்’ என்று பெயர், ஓபன்சூசேயில் ‘கியூட்டி6-பேஸ்-டெவெல்’. இரண்டுக்கும் இடம்கொடுத்து எழுதிய இஃப்-எல்ஸ் பகுதியில், சேமித்த கணினிக்கு உரிய கிளை மட்டும் மிஞ்சுகிறது. நூலகங்கள் இருக்கும் அடைவைக் குறிக்கும் லிப்டிர் மேக்ரோ ‘/யூஎஸ்ஆர்/லிப்64’ ஆகிவிடுகிறது. 32 பிட் கட்டுமானத்தில் நூலகம் ‘லிப்’ அடைவில் போய் அமர, பொதியில் சேரும் கோப்புகளைப் பட்டியலிடும் ஃபைல்ஸ் பகுதி ‘லிப்64’-இல் தேடித் தோற்கிறது. ஒரு பேட்ச் (மூலநிரல் திருத்தம்) ஏன் சேர்க்கப்பட்டது, எப்போது நீக்கலாம் என்று எழுதிவைத்த கருத்துரைகளும் அழிகின்றன. அவற்றை மறுபடி எழுத, அந்தக் காரணம் தெரிந்தவர் இருக்க வேண்டுமே!

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: பயனர் தொடாத வரியைக் கருவியும் தொடக் கூடாது. விரித்த மதிப்பைத் திரையில் தாராளமாகக் காட்டுங்கள். ஆர்பிஎம்ஸ்பெக் கட்டளையும் விரித்துக் காட்டத்தான் செய்கிறது, ஆனால் மூலக்கோப்பில் கைவைப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பும் எந்த வரியில், எந்த இடத்தில் இருந்து வந்தது என்று நினைவில் வைத்து, மாறிய இடத்தை மட்டும் எழுதுங்கள். இது செய்ய முடியாத வேலை அல்ல. ஆர்பிஎம்டெவ்-பம்ப்ஸ்பெக் போன்ற சிறிய கருவி, ரிலீஸ் எண்ணைக் கூட்டி சேஞ்ச்லாக்கில் ஒரு பதிவைச் சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விடுகிறது.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறோம். ‘பில்ட்’ பொத்தானை அழுத்தினால் பொதி பயனரின் சொந்தக் கணினியிலேயே கட்டப்படுகிறது. அங்கே டெவெல் பொதிகள் ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதால், கட்டத் தேவையான பொதிகளின் பட்டியலான பில்ட்ரிக்வயர்ஸில் விடுபட்டவை வெளியே தெரிவதில்லை. மாக் கருவி வழியாக வெற்றுச் சூழலில் கட்டினால் முதல் முயற்சியிலேயே தெரிந்துவிடும். ஃபைல்ஸ் பட்டியலைத் தானாக நிரப்பும்போது ‘/யூஎஸ்ஆர்/பின்’ அடைவையே ஒரு வரியாகச் சேர்ப்பது இன்னொரு தொல்லை. அந்த அடைவு ‘ஃபைல்சிஸ்டம்’ என்ற அடிப்படைப் பொதிக்குச் சொந்தம். நிறுவும்போது மோதல் வந்தால், பழி ஒன்றும் அறியாத புதியவர்மேல் விழுகிறது. கருவி செய்ததைத் தான் செய்த தவறென்று எண்ணி அவர் ஒதுங்கிப்போவதுதான் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் திருத்தச் சொல்லவில்லை. அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒரே ஒரு சோதனையைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்: ஸ்பெக் கோப்பைத் திற, எதையும் மாற்றாமல் சேமி, டிஃப் எடு. ஒரு பைட் மாறியிருந்தாலும் சோதனை தோற்க வேண்டும். நிபந்தனைகளும் மேக்ரோக்களும் பல வரிக் கருத்துரைகளும் நிறைந்த மாதிரிக் கோப்புகள் வேண்டுமென்றால் கேளுங்கள், நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
பொதி பராமரிப்பாளர்கள் சிலர்