பதிவேடு மாறும்போது முகவரியை மாற்றினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் இணையச் சேவைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் ரெஜிஸ்ட்ரியை (சேவைப் பதிவேட்டை) விட்டு இன்னொன்றுக்கு மாறுவது கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ஒரு முகவரியை மாற்றுகிற வேலைதான் என்று அதில் இருந்தது. இதை நம்பி ஒரு குழு இறங்கினால் சோதனையில் எல்லாம் சரியாகத்தான் ஓடும். நிஜப் பயன்பாட்டில் ஒரு சர்வர் விழுகிற அன்றுதான் வினை தெரியும். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எந்தச் சேவை எந்த ஐபி முகவரியில், எந்த போர்ட்டில் ஓடுகிறது என்று அதை அழைக்கும் நிரல், அதாவது கிளையன்ட், கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம்தான் இந்தப் பதிவேடு. இதற்குப் பொதுத் தரம் கொண்டுவரும் முயற்சி நடக்காமல் இல்லை. 2000 செப்டம்பரில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் சேர்ந்து, இணையச் சேவைகளைப் பதிந்து தேடுவதற்கான யுடிடிஐ தரத்தை அறிவித்தன. அந்த ஒரே தரத்துக்குள்ளேயே நடத்தை வேறுபட்டது. இரண்டாம் பதிப்பில் பெயரைக் கொடுத்துத் தேடினால் அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் வரும். மூன்றாம் பதிப்பில் முழுப் பெயரும் பொருந்தினால்தான் வரும். பாதிப் பெயரில் தேட, தோராயப் பொருத்தம் வேண்டும் என்று தனியே கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் காலிப் பட்டியல் வந்து நிற்கும். அந்தத் தரத்தின் பொதுப் பதிவேட்டை 2006 ஜனவரியில் மூடினார்கள். சேவைகளைக் கண்டறிய இன்று புழக்கத்தில் உள்ள யுரேகா, கான்சல், ஜூகீப்பர், குபெர்னெட்டிஸ் ஆகியவற்றுக்கிடையே அப்படியொரு பொதுத் தரமும் கிடையாது. ஸ்பிரிங் கிளவுட் போன்ற நூலகங்கள் இவற்றை ஒரே இடைமுகத்தின் கீழ் கொண்டுவருகின்றன என்பது உண்மை. ஆனால் அவை மறைப்பது வடிவ வேறுபாட்டைத்தான். எவ்வளவு நேரத்தில் மாற்றம் தெரியவரும், பதிவேடு தடுமாறினால் என்ன பதில் வரும் என்பதெல்லாம் அடியில் அப்படியே இருக்கும்.

நெட்ஃபிளிக்ஸ் உருவாக்கிய யுரேகாவை எடுத்துக்கொள்வோம். சேவையின் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் (ஓடும் நகலும்) 30 விநாடிக்கு ஒருமுறை 'உயிரோடிருக்கிறேன்' என்று ஹார்ட்பீட் அனுப்பும். 90 விநாடி சத்தமில்லை என்றால் காலாவதி என்பது ஆவணக் கணக்கு. ஆனால் புதுப்பிக்கும்போதே காலக்கெடுவை ஒருமுறை கூட்டிவைத்துவிட்டு, சரிபார்க்கும்போது மீண்டும் கூட்டுவதால் உண்மையில் 180 விநாடி ஆகிறது. நிரலின் குறிப்பிலேயே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் நீக்கும் வேலை 60 விநாடிக்கு ஒருமுறைதான் ஓடும். சர்வரின் கேச் (தற்காலிக நகல்) 30 விநாடி, கிளையன்டின் கேச் 30 விநாடி. எல்லாம் சேர்ந்தால், திடீரென்று செத்த ஒரு முகவரி 5 நிமிடம் வரை கிளையன்டின் பட்டியலில் உயிரோடு இருக்கலாம். போதாக்குறைக்கு, வர வேண்டிய ஹார்ட்பீட்களில் 85 சதவீதத்துக்குக் கீழே வந்தால், கோளாறு நெட்வொர்க்கில் என்று கருதி யாரையுமே நீக்காது. இது குறையல்ல, வேண்டுமென்றே எடுத்த முடிவு. ஆகவே யுரேகாவோடு பேசும் கிளையன்ட், கையில் உள்ள பட்டியலில் செத்த முகவரிகள் இருக்கும் என்றே எழுதப்பட வேண்டும்: இணைப்புக்கான டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) ஒரு விநாடி போலக் குறைவாக இருக்கட்டும், கிடைக்காவிட்டால் அடுத்த முகவரி.

கான்சலில் சிக்கல் வேறு இடத்தில். அதன் கேட்டலாக் முகவரியில் கேட்டால் நலமுள்ளது, நலமற்றது எல்லாம் கலந்து வரும். ஹெல்த் முகவரியில் 'பாஸிங்' வடிகட்டியோடு கேட்டால்தான் நல்லவை மட்டும் வரும். அதே கான்சலை 8600 போர்ட்டில் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் முறை) வழியாகக் கேட்டால், இயல்புநிலையில் 'கிரிட்டிகல்' மட்டுமே விலக்கப்பட்டு 'வார்னிங்' நிலையில் உள்ளவையும் வந்துவிடும். பதிலில் சேவையின் முகவரி காலியாக இருந்தால் நோடின் (அது ஓடும் கணினியின்) முகவரியை எடுத்துக்கொள்ள வேண்டும்; இதை விட்டவர்கள் காலி முகவரிக்கு இணைக்கப் பார்த்துத் திணறுவார்கள். மாற்றத்துக்காகக் காத்திருக்கும் கேள்வி இயல்பாக 5 நிமிடம் திறந்திருக்கும். அதோடு பதினாறில் ஒரு பங்கு வரை கூடுதலாகவும் சேரும். எனவே கிளையன்டின் வாசிப்பு டைம்அவுட் 330 விநாடியாவது வேண்டும். பழைய கிளையன்டில் இருந்த 30 விநாடியை அப்படியே விட்டால், எதுவும் மாறாத அமைதியான நேரத்தில்தான் பதிவேடு விழுந்துவிட்டது என்ற எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருக்கும். பதிலோடு திரும்பி வரும் இண்டெக்ஸ் எண் (மாற்றத்தின் வரிசை எண்) முன்னதைவிடக் குறைந்தால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பதையும் பலர் எழுதுவதில்லை.

ஜூகீப்பர் அடிப்படையில் பதிவேடே அல்ல, ஒருங்கிணைப்புக்கான சேமிப்பு. அதில் கியூரேட்டர் என்ற நூலகம் எழுதும் வடிவம் வேறு, டப்போ என்ற நூலகம் எழுதும் வடிவம் வேறு. மாற்றத்தை அறிவிக்கும் சாதாரண வாட்ச் ஒரே ஒருமுறைதான் அடிக்கும். ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் மறுபடி படித்து, கூடவே புது வாட்ச் வைக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். செஷன் (சர்வரோடான தொடர்பு அமர்வு) காலாவதியானால் எல்லாவற்றையும் புதிதாகப் பதிய வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதே இங்கு அடிக்கடி நடக்கும் பிழை. செஷனுக்கு மேல்வரம்பும் உண்டு: டிக் எனும் அடிப்படை நேர அலகு 2 விநாடியாக உள்ள சர்வரில் 60 விநாடி செஷன் கேட்டாலும் இயல்பாக 40 தான் கிடைக்கும்.

குபெர்னெட்டிஸில் சாதாரண சர்வீஸுக்கு ஒரே மெய்நிகர் ஐபிதான். பட்டியலிலிருந்து தானே தேர்ந்தெடுக்கும் கிளையன்டுக்கு, சேவையின் நகல்கள் (பாடுகள்) ஒவ்வொன்றின் முகவரியையும் தரும் ஹெட்லெஸ் சர்வீஸ் வேண்டும். இல்லாவிட்டால் நீண்டநேர ஜிஆர்பிசி (தொலைநிரல் அழைப்பு) இணைப்பு ஒரே பாடில் ஒட்டிக்கொள்ளும், மற்ற பாடுகள் சும்மா இருக்கும். சாதாரண டிஎன்எஸ் பதிலில் போர்ட் எண்ணும் வராது. அதற்கு போர்ட்டையும் சேர்த்துத் தரும் எஸ்ஆர்வி பதிவைக் கேட்க வேண்டும்.

பெயர்களுக்கு ஒரே விதி போதும்: சிறிய எழுத்தில் தொடங்கி, சிறிய எழுத்து, எண், இடைக்கோடு மட்டும், இடைக்கோட்டில் முடியாமல், 63 எழுத்துக்குள். யுரேகா சேவைப் பெயரைப் பெரிய எழுத்தாக்கிவிடும்; ஜூகீப்பர் சிறியது பெரியது பார்க்கும். அடிக்கோடு வேண்டவே வேண்டாம். ஜாவாவின் யுஆர்ஐ வகுப்பு அடிக்கோடுள்ள பெயருக்கு ஹோஸ்ட் இல்லை என்றே பதில் தரும்.

கிளையன்டுக்குள் சொந்தமாக ஒரு மெல்லிய அடுக்கு வையுங்கள். பெயரைக் கொடுத்தால் ஹோஸ்ட், போர்ட், பாதுகாப்பான இணைப்பா, நலநிலை என்ற நான்கும் வர வேண்டும். மாறினால் தகவல் வர வேண்டும். அவ்வளவே. ஒவ்வொரு பதிவேட்டுக்கும் எழுதும் அடாப்டர் (இணைப்பு நிரல்), 'அப்படியொரு சேவை இல்லை' என்பதையும் 'பதிவேட்டை எட்ட முடியவில்லை' என்பதையும் பிரித்துச் சொல்லட்டும். தெரியாத பெயருக்கு யுரேகா 404 (இல்லை) தரும், கான்சல் 200 (சரி) சொல்லிக் காலிப் பட்டியல் தரும். எட்ட முடியாதபோது கடைசியாகக் கிடைத்த நல்ல பட்டியலை ஒருபோதும் அழிக்கக் கூடாது. யுடிடிஐ காலத்தில் சொல்லப்பட்ட ஒரு நடைமுறை இன்றும் மிக நல்லது: முகவரியைக் கேச்சில் வை; அழைப்பு தோற்றால் மட்டும் பதிவேட்டை மறுபடி கேள்; புது முகவரி வந்தால் முயற்சி செய், அதே முகவரி வந்தால் பிழையை மேலே சொல்.

சோதிக்கும்போது சேவையை முறையாக நிறுத்திப் பார்த்தால் எதுவும் தெரியாது. புராசஸைச் சட்டென்று கொல்லுங்கள். ஃபயர்வாலில் பாக்கெட்டுகளைப் பதிலில்லாமல் விழவிடுங்கள். பதிவேட்டையே 10 நிமிடம் நிறுத்துங்கள். முறையாக நிறுத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. குபெர்னெட்டிஸ் ஒரு பாடு நின்றுகொள்ள இயல்பாகத் தரும் அவகாசம் 30 விநாடி. யுரேகாவின் இரண்டு கேச்களும் சேர்ந்து 60 விநாடி. பாட் பெயரை நீக்கிக்கொண்டாலும், அது கேச்களிலிருந்து மறையும் முன்பே கொல்லப்படும். கிளையன்டுகள் இன்னும் அதையே அழைத்துக்கொண்டிருக்கும். யுரேகாவைக் குபெர்னெட்டிஸுக்குள் ஓட்டுகிறவர்கள் அந்த அவகாசத்தை 90 விநாடியாக உயர்த்தி, பெயரை நீக்கியபின் 60 விநாடி காத்திருந்து நிறுத்தும்படி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களான மென்பொருள் பொறியாளர்கள் சிலர்