பத்தரை மணிக்கு இருவர்

தஞ்சாவூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

திருச்சியில் பிசியோதெரபி நிலையம் தொடங்கும் உன் மாப்பிள்ளைக்காக, இணையதளத்தில் வரும் அப்பாயின்ட்மென்ட்டுகளைக் கூகுள் காலண்டரோடு இணைப்பது எப்படி என்று நீ கேட்டு மூன்று மாதம் ஆகிறது. மகள் கவிதாவின் பல் மருத்துவமனைக்கு நானே அதைச் செய்துகொண்டிருந்ததால், எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் பெருமையோடு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தப் பெருமை நேற்றுக் காலை பத்தரை மணிக்குப் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் நலம், என் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது, விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து பேருந்து ஏறி வந்த பெரியவர் ஒருவர், வீங்கிய கன்னத்தில் ஈரக் கைக்குட்டையை அழுத்தியபடி, பேரன் பதிவுசெய்து கொடுத்த குறுஞ்செய்தியை வரவேற்பில் இருக்கும் செல்வியிடம் நீட்டினார். அதே பத்தரை மணிக்கு, ரூட் கெனால் பாதியில் நிற்கும் பள்ளி ஆசிரியை ஒருவரும் வந்து அமர்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை போனில் அவருக்கு நேரம் கொடுத்துத் தன் காலண்டரில் குறித்தவள் கவிதாவேதான். சிகிச்சை நாற்காலியோ ஒன்று. செல்வி அந்த இருவரையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். "ஐயா வலியோடு வந்திருக்கிறார், முதலில் அவரைப் பாருங்கள்" என்று ஆசிரியை விட்டுக்கொடுத்ததால் தப்பித்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உன் மாப்பிள்ளைக்குப் பயன்படும். பதிவுப் பிளக்இன் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) தருகிற, காலண்டர் படிக்கக்கூடிய ஐகேல் லிங்க்கைக் காலண்டரில் சேர்ப்பதோடு வேலை முடிந்தது என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். அது ஒருவழிப் பாதை என்பது எனக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. தளத்தில் பதிவானது காலண்டருக்கு வரும். காலண்டரில் கவிதா குறிப்பது தளத்துக்குப் போகாது. வருவதும் உடனே வராது. மாற்றங்கள் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளின் உதவிக் குறிப்பிலேயே இருக்கிறது, படிக்காதவன் நான்தான். போதாக்குறைக்கு, காலை பத்து மணிச் சந்திப்புக்கான பதிவு காலண்டரில் பிற்பகல் மூன்றரைக்குப் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துத் தனியே சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அந்த லிங்க் தருகிற கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். ஐகேல் என்று சுருக்கிச் சொல்லும் ஐகேலண்டர் என்பது 1998இல் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட ஒரு வடிவம். பார்த்தால் வெறும் எழுத்து வரிகள், எவரும் படித்துவிடலாம். தொடக்க நேரம் எழுதிய வரியின் கடைசியில், வால் போல, 'இசட்' என்ற ஒற்றை எழுத்து நின்றது. அது யுடிசி என்கிற உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம். காலண்டர் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில், தளத்தின் நேரத்தைப் பொது அமைப்புகளுக்குள் போய் நாம்தான் மாற்ற வேண்டும். சென்னை என்று தேடிக் களைத்த பிறகுதான், இந்தியா முழுமைக்கும் அந்தப் பட்டியலில் கொல்கத்தா ஒன்றே இருப்பதைக் கண்டேன். தஞ்சாவூரின் நேரம் கொல்கத்தாவின் பெயரில் ஓடுவதை நீயும் நானும் இந்த வயதில் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு நேராகப் பேசும் வழி) வழியான இருவழி இணைப்புக்கு மாறினேன். கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்ட் தொடங்கிக் கவிதாவின் கணக்கிலிருந்து அனுமதி கொடுத்தால், தளத்துக்கு நுழைவுச்சீட்டு போல ஒரு டோக்கன் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் தளம் ஒவ்வொரு முறையும் காலண்டருக்குள் நுழைகிறது. அடுத்த நிமிடமே பதிவுகள் அங்கும் இங்கும் தெரிந்தபோது நான் போட்ட ஆட்டத்தைச் செல்வி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். ஆனால் புராஜெக்ட்டின் நிலை 'டெஸ்டிங்' என்று இருக்கும்வரை அந்த டோக்கனின் ஆயுள் ஏழே நாள். போன வியாழக்கிழமை இணைத்தது, இந்த வியாழக்கிழமை சத்தமில்லாமல் செத்தது. பிளக்இன் அதைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பித்தான் இருக்கிறது. தளத்துக்கென்று நான் உருவாக்கிய அந்த முகவரியை நான் திறந்து பார்த்ததே இல்லை.

எனக்கு நேற்று இரவு தூக்கம் வராததற்குக் காரணம் டோக்கன் அல்ல. காலண்டரைப் படிக்க முடியாமல் போனபோது, கவிதாவுக்கு எந்த வேலையும் இல்லை என்று தளம் எடுத்துக்கொண்டது. 'காலண்டர் காலியாக இருக்கிறது' என்பதும் 'காலண்டர் எனக்குத் தெரியவில்லை' என்பதும் அதற்கு ஒன்றாகிவிட்டன. அமைப்பில் அதை அப்படி விட்டவனும் நான்தான். இப்போது நிலையை 'புரொடக்‌ஷன்' என்று மாற்றி, மறுபடி இணைத்து, காலண்டரைப் படிக்க முடியாத நேரத்தில் ஒரு ஸ்லாட்டையும் காட்டாமல் செல்வியின் போன் எண்ணை மட்டும் காட்டும்படி செய்துவிட்டேன். உன் மாப்பிள்ளை வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

விடுமுறைக்கும் ஒரு கண்ணி உண்டு. அடுத்த மாதக் கும்பகோணத் திருமணத்துக்காகக் கவிதா ஒரு முழுநாளைக் குறித்துவைத்தாள். அந்த நாளுக்கும் இரண்டு பேர் பதிவுசெய்துவிட்டார்கள். முழுநாள் நிகழ்ச்சியைக் காலண்டர் இயல்பாகவே 'ஃப்ரீ' என்று வைத்துக்கொள்கிறது. 'பிஸி' என்று நாம் மாற்றினால்தான் தளம் அந்த நாளை மூடும்.

இன்னொன்றை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆரம்பத்தில், எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்த ஐகேல் லிங்க்கை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவர் கடவுச்சொல் எதுவும் இல்லாமலே அத்தனையையும் பார்க்கலாம். அதில் நோயாளியின் பெயர், போன் எண், என்ன உபாதை என்பதுவரை இருந்தது. கவிதா அதைக் கண்டபோது கத்தவில்லை, "அப்பா, இது அவர்கள் என்னிடம் சொன்னது" என்றாள். லிங்க்கை அன்றே மாற்றினேன். இப்போது காலண்டருக்குப் பதிவு எண் மட்டும்தான் போகிறது.

செல்வி நேற்று மாலை பழைய நீள நோட்டை மறுபடி எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தளம் தயாரானதும் முகவரியை அனுப்பு. முதல் பதிவு என்னுடையது. தோள்பட்டை வலி பொய்யில்லை. காலை பத்து மணிக்குப் பதிவுசெய்வேன். அவர் போனில் அது மூன்றரை என்று தெரிந்தால் எனக்கு உடனே கூப்பிடச் சொல்.

அன்புடன்,
நடராஜன்