'தண்ணி வேணுமா?' என்று அவன் சொன்னால்

அன்புள்ள தங்கைக்கு,

போன வியாழக்கிழமை தெரபி சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "அக்கா, உங்க பையன் எப்போ பேச ஆரம்பிச்சான்?" என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் உன் மகனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அதற்கான பதில் இது.

என் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது மூன்று வயதில். அப்போதே ஏ முதல் இசட் வரை சொல்வான், விளம்பரப் பாட்டெல்லாம் பாடுவான். ஆனால் தாகம் எடுத்தால் சொல்லத் தெரியாது. சமையலறை வாசலில் நின்று அழுவான். நானோ பழங்களின் படத்தைக் காட்டி, "இது என்ன? சொல்லு, சொல்லுடா" என்று நாள் முழுக்கப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன்.

என் மாமியார் அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் டம்ளரோடு நிற்பார். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. அப்புறம்தான் முறுக்கை, கண்ணுக்குத் தெரிகிற, அவனால் திறக்க முடியாத டப்பாவில் போட்டு வைக்கத் தொடங்கினோம். அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். அந்தப் பத்து எவ்வளவு நீளம் என்று நீயும் சீக்கிரம் தெரிந்துகொள்வாய். ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்து மூடிமேல் வைத்தான். அதுவும் பேச்சுதான், தங்கை. உடனே "முறுக்கு வேணும்" என்று அவனுக்காக நான் சொல்லி, எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு பட அட்டைகள். பெக்ஸ் என்கிற இந்த முறையை 1985இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கினார்கள். அட்டையைத் தொட்டுக் காட்டுவதோடு முடியாது. இன்னொருவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டு டம்ளரையே போட்டோ எடுத்து அட்டையாக்கினோம். 'அட்டை கொடுத்தால் பேசவே மாட்டான்' என்று உன்னிடமும் சொல்வார்கள். நம்பாதே. அட்டை பேச்சைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியும் படங்களை வைத்துத்தான்: படத்தைத் தொட்டால் அது குரல் கொடுக்கும்.

இன்னொன்று. அவன் "தண்ணி வேணுமா?" என்று என்னைப் பார்த்துச் சொல்வான். எனக்கு வேணுமா என்று கேட்கிறான் என நினைத்து, "வேண்டாம் கண்ணா" என்பேன். தாகத்தோடு நின்ற பிள்ளையிடம்! நான் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லித்தான் அவன் தண்ணீர் கேட்டிருக்கிறான். புரிந்த நாளிலிருந்து கேள்வியாகக் கேட்பதை விட்டுவிட்டு, "தண்ணி வேணும்" என்று அவன் சொல்ல வேண்டியதை நானே சொல்லிக் கொடுத்தேன். அந்த 'ஆ' உதிர மாதக்கணக்கானது.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று எங்களுக்கு ஒருவர் சொன்னார். ஒரு வருடம் வீணானது. பாட்டியிடம் பேச அவனுக்குத் தமிழ்தானே வேண்டும்?

முக்கியமாக, 'வேண்டாம்' சொல்லிக்கொடு. என் பையன் கடித்ததும் தள்ளியதும் அந்த ஒரு சொல் இல்லாததால்தான். 'வேண்டாம்' அட்டையை நீட்டினால் இட்லித் தட்டை எடுத்துவிடு. இன்னும் ஒரு வாய் என்று ஊட்டாதே. மருந்துக்கு மட்டும் அது செல்லாது, அதை முன்னாலேயே சொல்லிவிடு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல், தனக்கு வேண்டியதை அவனாகவே வாயால் கேட்ட முதல் சொல் ஐந்தரை வயதில் வந்தது. ஆனால் அவன் பேச ஆரம்பித்தது, என் கையை டப்பா மூடிமேல் வைத்த அன்று.

வரும் வியாழக்கிழமை அவனுடைய பழைய அட்டை ஆல்பத்தைக் கொண்டு வருகிறேன். முறுக்கு அட்டையில் மட்டும் ஓரத்தைக் கடித்து வைத்திருப்பான்.

அன்புடன்,
அக்கா